39 வயது என்றொரு கணக்கு

மும்பையின் எம்-கிழக்கு வார்டில் வாழ்கிறவரின் சராசரி ஆயுள் 39 என்று ஒரு செய்தி பதினைந்து ஆண்டுகளாக இந்த நகரத்தைச் சுற்றி வருகிறது. கோவண்டி, தியோனார், மான்கூர்ட், சிவாஜி நகர் எல்லாம் அடங்கிய வார்டு அது. ஆவணப்படம் எடுப்பவர் முதல் காட்சியிலேயே அந்த எண்ணைத் திரையில் போடுகிறார். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் தொண்டு நிறுவனம் அதை முதல் பத்தியில் வைக்கிறது. குடிசைகளை இடித்து அடுக்குமாடி எழுப்பினால்தான் விமோசனம் என்று வாதாடுகிறவருக்கும் அதே எண்தான் கைகொடுக்கிறது. செம்பூரில் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள்கூட, "அந்தப் பக்கம் நாற்பதைத் தாண்டறதே இல்லையாம் சார்" என்று சொல்லி உச்சுக்கொட்டுகிறார்கள்.

அந்த எண் ஆயுளைப் பற்றியதே அல்ல. 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையிலிருந்து புறப்பட்டது அது. இறந்தவர்களின் வயதையெல்லாம் கூட்டி, இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற சராசரி. 'இறந்தபோது சராசரி வயது' என்று கிளம்பி, வாய் மாறி வாய் மாறி 'சராசரி ஆயுள்' ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு கல்லூரி விடுதியில் கடந்த ஐம்பது ஆண்டில் இறந்துபோன மாணவர்களின் சராசரி வயதைப் பார்த்தால் இருபதுதான் வரும். விடுதியில் சேர்ந்தால் இருபதில் போய்விடுவாய் என்று எந்தத் தகப்பனும் மகனிடம் சொல்வதில்லை. அங்கே கிழவர்கள் குடியில்லை, அவ்வளவுதான்.

தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். கற்பனையாக இரண்டு வார்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேர். இரண்டிலும் உயிருக்கான ஆபத்து ஒரே அளவு: நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2 பேர் இறக்கிறார்கள், அவர்களின் சராசரி வயது 20. நாற்பதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்கு 20 பேர் இறக்கிறார்கள், சராசரி வயது 70. முதல் வார்டு புதிதாகப் பிழைக்க வந்தவர்களின் இடம். 90,000 பேர் இளையவர்கள், 10,000 பேர் மூத்தவர்கள். இரண்டாவது பழைய நடுத்தரக் குடியிருப்பு, 60,000, 40,000. முதல் வார்டில் ஆண்டுக்கு 180 இளையவர்களும் 200 மூத்தவர்களும் இறப்பார்கள், சராசரி வயது 46. இரண்டாவதில் 120-ம் 800-ம், சராசரி 63. எந்த வீட்டிலும் யாருக்கும் ஒரு நாள்கூட ஆயுள் குறையவில்லை. ஆனால் 17 வயது வித்தியாசம் வந்துவிட்டது.

அதே தாளில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மொத்த இறப்பு விகிதத்தைப் பார்த்தால் முதல் வார்டில் ஆயிரத்துக்கு 3.8, இரண்டாவதில் 9.2. அதாவது இந்தக் கணக்கை எடுத்து நீட்டினால் ஏழைகளின் வார்டுதான் நகரத்திலேயே ஆரோக்கியமானது என்று மேடையில் பேசலாம். ஒரே ஊர், ஒரே பதிவேடு. ஒன்று எல்லோரும் சீக்கிரம் சாகிறார்கள் என்கிறது, மற்றது இங்கே சாவே குறைவு என்கிறது. எதை எடுப்பது என்பது பேசுகிறவருக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பரிதாபம் வேண்டியவர் முதலாவதை எடுக்கிறார், பட்ஜெட்டைச் சுருக்க நினைப்பவர் இரண்டாவதை.

இத்தோடு முடிவதில்லை. மும்பைத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லாத ஒன்றை இந்தக் கணக்கு போடுகிறவர்கள் பார்ப்பதே இல்லை. தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும் இட்லிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கோலி என்கிற ஒற்றை அறை, சுவரோரம் குளிக்கவும் கழுவவும் ஒரு மோரி, மரப்படியில் ஏறினால் மேலே இன்னொரு தட்டு. அங்கே மாவுச் சட்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் தூங்குகிறார்கள். நாற்பது ஆண்டு சைக்கிளில் இட்லிக் குண்டானைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி சுற்றியிருப்பார். முழங்கால் போனதும், சர்க்கரை ஏறியதும் என்ன செய்வார்? கோலியை மகன் கையில் கொடுத்துவிட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார். "கட்டை ஊர்ல வேகட்டும்" என்பார். அவருடைய மரணம் நாங்குநேரிப் பக்கம் ஏதோ ஒரு கிராம அலுவலகத்தில் பதிவாகும். மும்பைப் பதிவேட்டில் அவர் சாகவே இல்லை. மீன்சுருட்டியிலிருந்தோ ஆசம்கரிலிருந்தோ ரத்னகிரியிலிருந்தோ வந்தவருக்கும் இதே கதைதான். மும்பையில் பதிவாகிறவர்கள் யார்? ரயில் தண்டவாளத்தில் அடிபட்ட இளைஞன், காசநோயில் போன முப்பத்தைந்து வயதுத் தையல்காரர், பிறந்த மூன்றாம் மாதம் வயிற்றுப்போக்கில் போன குழந்தை. மேலே போட்ட கற்பனைக் கணக்கில் மூத்தவர்களில் பாதிப் பேர் சாவதற்கு ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180-ம் 100-ம். சராசரி 38-க்கு வந்துவிடும். புகழ்பெற்ற அந்த 39-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்.

இந்தத் தவறுக்கு வயது 180-க்கு மேல். 1842-இல் எட்வின் சாட்விக் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றித் தயாரித்த அறிக்கை உலகப் புகழ் பெற்றது. அதில் லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் கனவான்களின் இறப்பு வயதுச் சராசரி 45, கடைக்காரர்களுக்கு 26, கூலித் தொழிலாளர்களுக்கு 16 என்று போட்டிருந்தார். லிவர்பூலில் 35, 22, 15. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். கூலிக்காரர் பதினாறு வயதில் செத்தால் கூலிக்கு வந்தவர் யார், பிள்ளை பெற்றவர் யார் என்று கேட்கச் சிலருக்குத்தான் தோன்றியது. நீசன் என்ற காப்பீட்டுக் கணக்கர் 1844-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் இதைப் பிரித்து மேய்ந்தார். குழந்தைகள் அதிகமுள்ள வர்க்கத்தில் குழந்தைச் சாவும் எண்ணிக்கையில் அதிகம் இருக்கும், சராசரி தானே இறங்கும். வயது வயதாகப் பிரித்து, உயிரோடு இருப்பவர்களையும் எண்ணி வகுக்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார். அதற்கான வாழ்நாள் அட்டவணையை வில்லியம் ஃபார் அந்த நாட்களிலேயே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சாட்விக்கின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சாக்கடையும் குடிநீரும் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல காரியத்துக்காகச் சொன்ன தப்புக் கணக்கு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் உயிரோடு இருப்பவர்களைச் சரியாக எண்ணாத அதே பழக்கம் இங்கே வந்து என்ன செய்தது என்று பார்த்தால் விடத் தோன்றாது.

விக்டோரியா காலத்துப் பம்பாயை எடுத்துக்கொள்வோம். 1864 மக்கள்தொகைக் கணக்கில் 8,16,562 பேர். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை எகிறிய நேரம். நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து குவிந்திருந்தார்கள். போர் முடிந்தது, 1865-இல் சந்தை சரிந்தது, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 1872-இல் எண்ணியபோது 6,44,405 பேர்தான். நடுவில் இருந்த ஆண்டுகளில் இறப்பு விகிதம் எப்படிப் போடுவது? பழைய தொகையால் வகுத்தால் ஆண்டுக்கு 20,000 சாவு ஆயிரத்துக்கு 24. புதிய தொகையால் வகுத்தால் அதே 20,000 ஆயிரத்துக்கு 31. எந்தத் தொகையை எடுப்பது என்ற ஒரே முடிவில், ஒரு சாக்கடைகூடத் தோண்டாமல், நகரத்தைச் சுகவாசஸ்தலம் ஆக்கலாம் அல்லது சுடுகாடு ஆக்கலாம்.

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். சில மாதங்களில் நகரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான மக்கள் வெளியேறினார்கள். 1891-இல் 8,21,764 ஆக இருந்த மக்கள்தொகை 1901-இல் 7,76,006. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1906-இல் நகராட்சி தனியாக எடுத்த கணக்கில் 9,77,822. இரண்டு லட்சம் பேர் ஐந்து ஆண்டில் பிறந்துவிடவில்லை, ரயிலில் வந்தார்கள். 1911 கணக்குப்படி நகரத்தில் ஐந்தில் நான்கு பேர் வெளியூரில் பிறந்தவர்கள், ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 530 பேர்தான். இப்படி அலையடிக்கும் ஊரில், பத்தாண்டுக்கு ஒரு முறை ஓர் இரவில் எண்ணிய தொகையால் ஒன்பது ஆண்டுச் சாவுகளை வகுத்து, அதைத் தெருத்தெருவாகப் பிரித்து, எந்தத் தெருக்காரன் அசுத்தமானவன் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் உச்சம் 1921. அந்த ஆண்டு பம்பாயில் ஆயிரம் பிறப்புக்கு 660-க்கும் மேல் குழந்தைச் சாவு. ஓர் அறையில் வாழ்ந்த குடும்பங்களில் 828. இரண்டு அறையில் 320 சொச்சம். நான்கும் அதற்கு மேலும் அறைகள் உள்ள வீடுகளில் 133. இன்றைக்கும் குடியிருப்பு பற்றிய புத்தகங்களில் இந்த ஏணியைப் பார்க்கலாம். ஓர் அறையில் பிறந்தால் ஐந்தில் நான்கு குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை என்று அர்த்தம் சொல்கிறார்கள். அப்படியானால் கிர்காவ் முதல் பரேல் வரை சால் என்கிற ஒற்றை அறைக் குடியிருப்புகளில் ஓடி விளையாடிய பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

ஊரிலிருந்து வந்தார்கள். தாய்வீட்டுப் பிரசவம் தெரியாத இந்தியக் குடும்பம் உண்டா? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை ஊருக்கு அனுப்புகிறார்கள். கொங்கணத்து மில் தொழிலாளியின் மனைவி ரத்னகிரியில் பெற்றாள். தாராவித் தோல்பதனிடுகிறவரின் மனைவி திருநெல்வேலியில் பெற்றாள். பிறப்பு அங்கே பதிவானது, பதிவானால். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அந்தக் குழந்தை இங்கே செத்தால் சாவு பம்பாய்க் கணக்கு. சுடுகாட்டுக்குச் சீட்டு வேண்டும், அதனால் சாவு பதிவாகியே தீரும். பிறப்பைப் பதிய அப்படி ஒரு நிர்ப்பந்தம் இல்லை. பின்னத்தில் மேலே உள்ள எண் முழுமை, கீழே உள்ள எண் ஓட்டை. இந்த ஓட்டை எல்லா வீட்டிலும் ஒரே அளவும் இல்லை. நான்கு அறை வீட்டுக்காரர் நகரத்தோடு நிலைத்தவர், பிரசவம் இங்கேயே, டாக்டர் வந்து பார்த்துப் பதிவும் செய்வார். ஓர் அறைக்காரர்தான் ஊருக்கும் நகருக்கும் அலைந்தவர். அப்படியென்றால் 828-க்கும் 133-க்கும் நடுவே உள்ள தூரத்தில் ஒரு பங்கு அறையைச் சேர்ந்தது. இன்னொரு பங்கு ரயில் டிக்கெட்டைச் சேர்ந்தது. ஓர் அறையில் குழந்தைகள் கூடுதலாகச் செத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு மடங்கு என்பதுதான் கதை.

சரி, எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், நெரிசலும் அழுக்கும் நோயைக் கொண்டுவரும் என்ற அடிப்படை உண்மைதானே என்று கேட்கலாம். படித்த நண்பர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அந்த அடிப்படையை வைத்துத்தான் பிளேக் காலத்தில் வேலை நடந்தது. அழுக்கிலிருந்தும் துர்நாற்றத்திலிருந்தும் நோய் எழுகிறது என்று நம்பி, சாக்கடைகளில் கார்பாலிக் அமிலம் கலந்த நீரைப் பாய்ச்சினார்கள். 1897 தொற்றுநோய்ச் சட்டத்தின் துணையோடு வீடு வீடாகப் புகுந்தார்கள், மனிதர்கள் வசிக்கத் தகுதியற்றது என்று சுவர்களில் எழுத்துப் போட்டார்கள். உண்மையில் மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளின் இடம். தானியம் இருந்தால் எலி, எலி இருந்தால் தெள்ளுப்பூச்சி. பால்-லூயி சிமோன் 1898-இல் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று சொன்னார், சிரித்தார்கள்; பிறகு பரேல் ஆய்வுக்கூடத்தில் பிளேக் ஆராய்ச்சிக் குழு அதை நிறுவியது. சாக்கடையில் மருந்து பாய்ந்தபோது எலிகள் சாகவில்லை, வீடுகளுக்குள் ஏறின. பிளேக் நெரிசலைத் தேடிப் போகவில்லை, நெல்லையும் கோதுமையையும் தேடிப் போனது.

நெரிசல்தான் காரணம் என்ற நம்பிக்கையில் 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. நாக்பாடாவில் தொடங்கி இடித்தார்கள். நேரான அகலச் சாலைகள் வந்தன, கடற்காற்று உள்ளே வரட்டும் என்று. ஆனால் இடித்த அறைகளின் எண்ணிக்கையைக் கட்டிய அறைகள் நெடுங்காலம் எட்டவில்லை. இடிபட்டவன் வேலை செய்யும் இடத்தை விட்டு எங்கே போவான்? பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்த அறையில் ஏழாவது ஆளாகப் புகுந்தான். தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அதே அறக்கட்டளை போட்ட மனைத் திட்டங்கள் நன்றாகவே வந்தன. 'ஐந்து தோட்டம்' என்கிற பூங்காக்களும் மரம் நிழலிடும் தெருக்களும் அதன் புண்ணியம். தென்னிந்தியர்கள் அங்கே குடியேறி, 1932-இல் கல்விச் சங்கம் நிறுவி, காபியும் கச்சேரியுமாக ஒரு மயிலாப்பூரை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த மனைகள் நாக்பாடாவில் வீடிழந்தவனுக்குக் கிடைக்கவில்லை. மாட்டுங்காக்காரர் தன் தெருவின் ஆரோக்கியத்தைத் தன் பழக்கவழக்கத்தின் பலன் என்று நினைத்தால், அந்தத் தெருவுக்கு யார் செலவில் காற்று வந்தது என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளட்டும்.

நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் வடக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. 1890-இல் தொழுநோயாளர்களை மாட்டுங்காவுக்கு. இன்றைக்கும் வடாலாவில் அந்த ஆக்வொர்த் மருத்துவமனை இருக்கிறது. தோல் பதனிடும் இடங்களைத் தாராவிச் சதுப்புக்கு. 1927-இலிருந்து குப்பையைத் தியோனாருக்கு. தள்ளி முடித்தபின், தள்ளப்பட்ட இடத்தில் எடுத்த எண்ணை அங்கே இருப்பவரின் குணமாகக் காட்டுவது நடைமுறையாகிவிட்டது.

தாராவிக்கு வருவோம். 2020-இல் கொரோனா வந்தபோது பத்திரிகைகளிலும் அரசு அறிக்கைகளிலும் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. பரப்பு 2.5 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 8.5 லட்சம். மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,27,136. ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான்: 8.5 லட்சத்தை 2.5-ஆல் வகுத்தால் 3,40,000 வருகிறது. 2,27,136-ஐ 2.5-ஆல் பெருக்கினால் ஐந்தே முக்கால் லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இரண்டு வரிகளுக்கு நடுவே காணாமல் போயிருக்கிறார்கள், கடைசி 136 பேர் மட்டும் பிசகாமல் எண்ணப்பட்டிருக்கிறார்கள். 1986-இல் குடிசைவாசிகளின் அமைப்புகளே வீடு வீடாகப் போய் எண்ணியபோது 5,30,225 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து லட்சம், ஏழு லட்சம், பத்து லட்சம் என்று எழுதுகிறவர் விருப்பப்படி. ஆசியாவிலேயே பெரிய குடிசைப் பகுதி என்ற பட்டமும் இப்படித்தான். கராச்சியின் ஒரங்கியை எடுத்துக்கொண்டால் அது நிற்காது. அடர்த்தியே சாவைத் தீர்மானிக்கும் என்றால், சதுர கிலோமீட்டருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வாழும் ஹாங்காங் குன் டாங் மக்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஹாங்காங்கின் ஆயுள் உலகின் முதல் வரிசையில் இருக்கிறது.

தாராவியில் கொரோனா புகுந்தால் பிணக்குவியல்தான் என்றார்கள். அது நடக்காதபோது 'தாராவி மாடல்' என்று கொண்டாடினார்கள். 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே பெயர் சொல்லிப் பாராட்டினார். பயமும் பாராட்டும் ஒரே அடர்த்தி அட்டவணையிலிருந்து வந்தவை. அந்த மாதமே நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து ரத்தப் பரிசோதனை ஆய்வு ஒன்றின் முடிவை வெளியிட்டன. மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில் எடுத்தது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அதே வார்டுகளின் மற்ற வீடுகளில் 16 சதவீதம். தொற்றியவர்களில் இறந்த விகிதமோ குடிசைப் பகுதிகளில் குறைவு, இளம் வயதினர் அதிகம் என்பதால். தாராவி அந்த ஆய்வில் சேரவில்லை. ஆனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா வார்டில் நோய் பரவி முடித்திருக்க, தாராவியில் மட்டும் விரட்டிப் பிடித்து நிறுத்திவிட்டோம் என்பதை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு அந்தக் கோடையில் தாராவியிலிருந்து தொழிலாளர்கள் பெருந்திரளாக ஊர் போய்விட்டார்கள். வகுக்கிற தொகை மறுபடியும் ரயில் ஏறிவிட்டது.

57-க்கும் 16-க்கும் என்ன வித்தியாசம்? ஆய்வு செய்தவர்கள் நெரிசலோடு பொதுக் கழிப்பறையையும் சுட்டினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. காலை ஆறு மணிக்குத் தாராவியின் ஒரு கழிப்பறை வரிசையில் நின்று பார்த்தவருக்கு இதில் ஆராய்ச்சி தேவையில்லை: கையில் வாளி, தோளில் துண்டு, முன்னால் பதினைந்து பேர், உள்ளே ஒரே தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைத் தொடாமல் எவரும் அன்றைய நாளைத் தொடங்க முடியாது. இது மக்கள் நெருக்கமாக வாழ்வதால் வந்த நிலை இல்லை. அதே நெருக்கத்தில் அடுக்குமாடியில் வாழ்கிறவருக்கு வீட்டுக்குள் குழாய் போகிறது, கழிவுநீர்க் குழாய் வருகிறது. குடிசைக்கு மட்டும் அது போவதில்லை, சட்டப்படியான குடியிருப்பு இல்லை என்ற காரணத்தால்.

சரி, அடுக்குமாடி கட்டினால் குழாய் வந்துவிடுகிறதே, பிறகு இடிப்பதில் என்ன தப்பு? எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இது. பதில் கோவண்டி, மான்கூர்ட் பக்கத்திலேயே நிற்கிறது. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் ஆகிய மறுகுடியமர்வுக் கட்டடங்களையும் ஒப்பீட்டுக்கு வேறொரு குடியிருப்பையும் எடுத்து, 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் மூன்று மீட்டர் இடைவெளியில் ஏழெட்டு மாடிகளை நெருக்கி நட்ட அந்த இரண்டு காம்பவுண்டுகளிலும் காசநோய் பல மடங்கு அதிகம். கீழ்த்தளங்களில் வெயில் படுவதே இல்லை. வீட்டுக்குள் கழிப்பறை உண்டு, குழாய் உண்டு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். குறைந்த நிலத்தில் குறைந்த செலவில் நிறையப் பேரை அடுக்க வேண்டும் என்பதற்காகத் திறந்தவெளி விதிகளைத் தளர்த்திக் கட்டியவை அவை. குடிசையிலிருந்து வந்தவர்களைத்தான் அங்கே வைத்தார்கள். அவர்களுடைய பழக்கவழக்கம் ஒன்றும் மாறவில்லை, ஜன்னல் மாறியது.

எனக்கு வேண்டிய கணக்கு ஒன்றும் சந்திர மண்டலத்துச் சரக்கு இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் இறந்தார்கள், தாயின் நிரந்தர முகவரி எது. நாற்பதிலிருந்து ஐம்பது வரை உள்ளவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை. காசநோயாளி எந்த மாடியில் குடியிருக்கிறார், ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர். மயானத்தில் கொடுக்கும் படிவத்தில் இறந்தவரின் முகவரியும் வயதும் இருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதி முடித்துவிடுகிற டாக்டர்களை வேண்டுமானால் தனியாகக் கேட்கலாம். மற்றதெல்லாம் வார்டு சுகாதார அலுவலகத்தில் கிடக்கிறது. அதைப் பிரித்துப் போட ஒரு குமாஸ்தாவும் ஒரு மாதமும் போதும். போட்டால், ஏழைகள் நெரிசலால் சாகிறார்கள் என்ற பொதுவான சோகம் போய், எந்தக் கட்டடத்தை யார் எந்த விதியைத் தளர்த்திக் கட்டினார்கள் என்ற கேள்வி வரும்.

இப்போது தாராவிக்கு மறுபடியும் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் ஒப்பந்தப் போட்டியில் அதானி குழுமம் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்துக்காக. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குக் காகிதம் காட்டுகிறவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. பிறகு வந்தவர்களுக்கும், மேல்தட்டில் குடியிருப்பவர்களுக்கும் வேறெங்காவது. இட்லிக்காரரின் மரப்படி நினைவிருக்கிறதா? அதன் கீழே இருப்பவர் தகுதியானவர், மேலே வாடகைக்கு இருப்பவர் தகுதியற்றவர். இப்படி வெளியே போகிறவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் தியோனார் குப்பை மேட்டின் 124 ஏக்கர் ஒன்று. 2016 ஜனவரியில் நாட்கணக்கில் எரிந்து நகரத்தையே புகையில் மூடிய அதே மேடு.

அங்கே கட்டடம் எழுந்து, மேல்தட்டு வாடகைக்காரர்கள் குடிபோனதும் அவர்கள் தாராவி அடங்கிய ஜி-வடக்கு வார்டின் பதிவேட்டிலிருந்து நீங்கி எம்-கிழக்கு வார்டின் பதிவேட்டில் ஏறுவார்கள். பெரும்பாலும் இளையவர்கள், கடைசியாக வந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். தாராவியில் வயதானவர்களின் பங்கு கூடும்; இறப்பு வயதுச் சராசரி தானே மேலே ஏறும். மறுசீரமைப்பு மக்களின் ஆயுளைக் கூட்டிவிட்டது என்று பத்தாண்டு கழித்து ஒரு வரைபடம் வரும், அதில் ஓர் உயிரும் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டியதில்லை. எம்-கிழக்கின் எண் 39-ஐ விட்டு இன்னும் கீழே இறங்கும். அப்போதும் கோவண்டிக்காரரின் பழக்கவழக்கத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பார்கள்.